மகளுக்கு எது: கேர்ள் ஸ்கவுட்ஸா, ஸ்கவுட்டிங் அமெரிக்காவா?

அமெரிக்காவில் பெண் குழந்தை உள்ள நம்மவர் வீடுகளில் பள்ளி திறந்ததும் எழும் கேள்வி இது. முன்பு யோசிக்கவே வேண்டியதில்லை. சாரணர் இயக்கம் என்றால் பையனுக்குப் பாய் ஸ்கவுட்ஸ், பெண்ணுக்குக் கேர்ள் ஸ்கவுட்ஸ். 2018-ல் சின்னப் பிள்ளைகளின் கப் ஸ்கவுட்டிலும், 2019 பிப்ரவரியில் பெரிய பிள்ளைகள் பிரிவிலும் பாய் ஸ்கவுட்ஸ் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பெயர்க் குழப்பம் வருகிறதென்று கேர்ள் ஸ்கவுட்ஸ் கோர்ட்டுக்குப் போனது. 2022-ல் வழக்கு தள்ளுபடி. 2025-ல் பாய் ஸ்கவுட்ஸ் தன் பெயரையே ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று மாற்றிக்கொண்டது.

ஸ்கவுட்டிங் அமெரிக்காவில் எல்லாம் படிப்படியாக வகுத்து வைத்தது. டெண்டர்ஃபுட், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று ஏறி, ஈகிள் என்ற உச்சப் படியில் முடியும். ஒவ்வொரு படிக்கும் என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது, பெண் என்று சலுகை கிடையாது. ஃபர்ஸ்ட் கிளாஸ் வேண்டுமா? ஆளை மூழ்கடிக்கும் ஆழத்தில் குதித்து, 75 கெஜம் நீந்தி, மல்லாந்தபடி இன்னொரு 25 கெஜம் போய், அப்புறம் அசையாமல் மிதந்தும் காட்ட வேண்டும். ஒவ்வொரு திறமைக்கும் ஒரு பேட்ஜ் உண்டு; கேம்பிங் பேட்ஜுக்கு 20 இரவு வெளியே தங்க வேண்டும். ஈகிளுக்கு 21 பேட்ஜும் ஒரு சேவைத் திட்டமும், அதுவும் 18-வது பிறந்தநாளுக்குள். ஃபர்ஸ்ட் கிளாஸைத் தாண்டிய பிறகே குறைந்தது 16 மாதம் பிடிக்கும். பதினேழு வயதில் ஆசை வந்தால் அவ்வளவுதான். பையன்களோடு ஒரே கூடாரமா என்று பாட்டிமார் பதற வேண்டாம், கூடாரம் தனித்தனிதான்.

கேர்ள் ஸ்கவுட்ஸில் டெய்சி, பிரௌனி, ஜூனியர் என்ற பிரிவுகள் பள்ளி வகுப்பை ஒட்டியவை. வகுப்பு ஏற ஏறப் பிரிவும் மாறும். என்ன செய்வது என்பதை அந்தந்தக் குழுவே முடிவு செய்கிறது. காகிதத்தில் அழகான யோசனை. நடைமுறையில், குழுவை நடத்தும் அம்மாவுக்குக் காடு பிடித்தால் காடு, கைவினை பிடித்தால் பசையும் கத்தரிக்கோலும். ஒரே ஊரில் இரண்டு குழுக்களுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும்.

ஆனால் கேர்ள் ஸ்கவுட்ஸ் பணம் திரட்ட நடத்தும் குக்கீ விற்பனைக்கு ஈடு எதிர்த் தரப்பில் இல்லை. அவர்களும் பாப்கார்ன் விற்கிறார்கள்தான், அதற்கு யார் காத்திருக்கிறார்கள்? குளிர்காலத்தில் கடை வாசலில் மேசை போட்டு, எட்டு வயதுப் பெண் 'தின் மின்ட்ஸ்' குக்கீ டப்பாவை நீட்டுகிறாள், கணக்குப் பார்த்து மீதியை எண்ணிக் கொடுக்கிறாள், வேண்டாம் என்று போகிறவருக்கும் நன்றி சொல்கிறாள். அப்பா ஆபீஸில் ஆர்டர் தாளைச் சுற்றுக்கு விட்டு விற்றுக் கொடுத்தால் இதில் ஒன்றும் அவளுக்குக் கிடைக்காது.

உச்ச விருது விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கேர்ள் ஸ்கவுட்ஸின் கோல்ட் விருதுக்கு 80 மணி நேர உழைப்பு எதிர்பார்க்கப்படுகிறது. பிரச்சினையின் வேரைக் கண்டுபிடித்து, தான் விலகிய பிறகும் ஓடும்படி ஒரு திட்டத்தை உருவாக்க வேண்டும். ஈகிள் திட்டத்துக்குக் குறைந்தபட்ச நேரம் என்று எதுவும் இல்லை. பூங்காவில் பெஞ்சு போட்டுக் கொடுத்தாலும் செல்லும். திட்டத்தை மட்டும் பார்த்தால் கோல்ட்தான் கடினம். ஆனால் ஈகிள் என்றால் யாருக்கும் தெரியும், கோல்டை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராணுவத்தில் சேரும்போது மட்டும் இரண்டுக்கும் ஒரே மரியாதை: ஆரம்பத்திலேயே உயர்ந்த சம்பளப் படி.

சரி, எது? காடு மலை என்று அலைய ஆசைப்படும் பெண்ணுக்கு யோசிக்காமல் ஸ்கவுட்டிங் அமெரிக்கா. கூச்சப்படும் சின்னப் பெண்ணுக்குக் கேர்ள் ஸ்கவுட்ஸ், நல்ல தலைவி அமைந்தால். இரண்டிலும் சேர்ந்தாலும் தடையில்லை. எங்கே போனாலும், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், போன வருஷம் எத்தனை இரவு வெளியே தங்கினீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.