ஹலூமியா, பனீரா? தாச்சியில் வைத்து ஒரு ஒப்பீடு

லண்டனிலிருந்து லீவுக்கு வந்த அக்கா இரண்டு பக்கெட் ஹலூமி சீஸ் கொண்டுவந்தார். "பனீர் மாதிரித்தான், கறிக்குப் போடு" என்றார். போட்டேன். குழம்பு உப்புக் கரித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இரண்டையும் அருகருகே வைத்துச் சமைத்துப் பார்த்தேன்.

சூட்டில் இரண்டுமே உருகாது. அந்த ஒற்றுமைதான் ஆளை ஏமாற்றுகிறது. பனீர், கொதித்த பாலில் தேசிக்காய்ப் புளி விட்டுத் திரைத்தது, உப்பே இல்லை. ஹலூமியில் புளி சேர்ப்பதில்லை. சைப்பிரஸ் தீவில் செம்மறிப்பால், வெள்ளாட்டுப்பால், சிலவேளை பசும்பாலும் கலந்து, ரெனட் என்ற உறைபொருள் இட்டு உறையவைப்பார்கள். அந்தக் கட்டியைப் பிரிந்த நீரிலேயே வேகவைத்து, உப்பும் புதினாவும் சேர்ப்பார்கள். 100 கிராமில் ஏறக்குறைய 3 கிராம் உப்பு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் நிற்கச் சொல்கிறது. பிரஷர் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் பனீரே நல்லது.

வாங்குவதிலும் பனீருக்குத்தான் வசதி. ஒரு லீட்டர் பசும்பாலில் 150 முதல் 200 கிராம் வரை வீட்டிலேயே எடுக்கலாம். ஹலூமியைக் கொழும்பில் பெரிய கடைகளில் தேட வேண்டும், விலையும் கூட. கிடைத்தால் லேபிளைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் அந்தப் பெயர் சைப்பிரஸில் செய்ததற்கு மட்டும்தான். ஆட்டுப்பால் முதலில் எழுதியிருந்தால் சுவை தூக்கலாக இருக்கும். ரெனட் கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுவதால், கோணேசர் கோயில் விரத நாளில் சைவம் என்று குறிப்பிடாத பக்கெட்டைத் தொட வேண்டாம்.

வைத்திருப்பதில் ஹலூமி வெல்கிறது. பிரிக்காத பக்கெட் பிரிட்ஜில் மாதக்கணக்கில் நிற்கும். பிரித்த பிறகு, கொதித்து ஆறிய ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, போத்தலில் அமிழ்த்தி வைத்தால் ஒரு வாரம் தாங்கும். பனீருக்கு வெறும் தண்ணீர். அதையும் தினமும் மாற்றி, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். கரண்ட் போகிற நாளில் பனீரைத்தான் முதலில் சமைக்க வேண்டும்.

சமையலில் இரண்டுக்கும் வழி வேறு. கறிக்கும், கறிமிளகாய் வெங்காயத்தோடு டெவல் செய்வதற்கும் பனீர். கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பொரித்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டால் மெதுமெதுவென்று இருக்கும், குழம்பையும் இழுக்கும். ஹலூமியைக் குழம்பில் போடவே கூடாது. உப்பு மட்டுப்பட வேண்டுமென்றால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு ஒரு விரல் தடிப்பில் வெட்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றி, எண்ணெய் விடாத தாச்சியில் மிதமான நெருப்பில் போடுங்கள். முதலில் தண்ணீர் கக்கும். பதறிப் புரட்ட வேண்டாம். அது வற்றியதும் அடிப்பக்கம் பொன்னிறமாகும். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். வெளியே மொறுமொறு, உள்ளே இளகல்; சம்பல் வைத்த சுடச்சுட றொட்டிக்கு இதைப்போல் பொருத்தம் நான் கண்டதில்லை.

சைப்பிரஸ்காரர்கள் கோடையில் இதை வத்தகப்பழத்தோடு சாப்பிடுகிறார்கள். திருகோணமலை வெயிலுக்கு அது அப்படியே ஒத்துப்போகிறது. ஆனால் ஹலூமி ஆறினால் ரப்பர் போல் இறுகிவிடும். ஆகவே பழத்தை முதலில் வெட்டிவைத்து, எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு அடுப்பை மூட்டுங்கள்.