ரோஜா மொட்டுக்கு வாங்கிய வேப்பெண்ணெய்: அசுவினிக்குக் கேட்கிறது, இலைப்பேனுக்கு இல்லை

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடையில் வாங்கிய செக்கு வேப்பெண்ணெய், 100 மில்லி போத்தல், 10 வெள்ளிக்குள்தான். எல்லாப் பூச்சிக்கும் ஒரே மருந்து என்று லேபிளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த வரியைத்தான் நம்பாதீர்கள் என்கிறேன், எண்ணெயைக் குறை சொல்லவில்லை.

அசுவினிக்கு நன்றாகவே கேட்கிறது. மொட்டுக்குக் கீழே இளங்காம்பில் பச்சையாக அப்பிக்கொண்டிருக்குமே, அந்தக் கூட்டம் அடுத்தடுத்து தெளிக்கத் தெளிக்கக் காய்ந்து உதிர்ந்துவிட்டது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு. சோப்பை விட்டுவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் வெறும் எண்ணெய் வந்து இலையைக் கருக்கும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், அதிலுள்ள அசாடிராக்டின் எனும் பூச்சிகொல்லிச் சத்து தண்ணீரில் சேர்ந்தபின் வீரியம் இழந்துகொண்டே போகும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பது நல்லது. நாற்றத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் அடித்தால் அடுத்த வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஆனால் மொட்டைக் கெடுப்பது பெரும்பாலும் அசுவினி இல்லை, திரிப்ஸ் எனும் இலைப்பேன். மொட்டு வரும், பருக்கும், இதழ் ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பாகி அப்படியே விரியாமல் நிற்கும், வெளிர் நிற ரோஜாவில் இன்னும் பளிச்சென்று தெரியும். அப்படி ஒரு மொட்டை வெள்ளைத் தாள்மேல் தட்டிப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் மஞ்சள் கீற்றுகள் ஓடும். இவை மூடிய இதழ்களுக்கு நடுவே இருந்து தின்பவை, முட்டையைச் செடியின் திசுவுக்குள்ளேயே செருகிவிடும், பொரித்த குஞ்சுகள் வளர்ந்தபின் பல மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். மேலே தெளிக்கும் எண்ணெய் இதில் எங்கே போய்ப் படும்? நம் ஊர்ச் சூட்டில் இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை தயார், குளிர்காலம் வந்து அடக்கும் என்பதும் இல்லை. தாழ்வாரத்துச் செடிமேல் மழையும் படாது, அது வேறு இவற்றுக்கு வசதி.

எனக்குப் பலன் தெரிந்தது இப்படிச் செய்தபோதுதான்: கெட்ட மொட்டை இரக்கம் பார்க்காமல் கிள்ளிப் பையில் கட்டி வீசுவது (தொட்டியிலேயே போட்டால் பூச்சிக்குத் திரும்பவும் அதே வீடு), தொட்டியின் மேல்மண்ணை மாற்றுவது, நீலநிற ஒட்டும் அட்டை ஒன்று செருகுவது, அப்புறம் மொட்டு பட்டாணி அளவில் இருக்கும்போதே வாராவாரம் வேப்பெண்ணெய். மஞ்சள் அட்டையும் பிடிக்கும், ஆனால் இலைப்பேனுக்கு நீலம் மேல். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்பினோசாட் எனும் பூச்சிமருந்து இருக்கிறது, மண் பாக்டீரியாவிலிருந்து எடுப்பது. ஈரம் காயும் வரை தேனீக்கு ஆகாது, அதனால் தேனீ வரும் நேரத்தில் வேண்டாம். தெளித்து வழிந்த தண்ணீரைத் தட்டில் விடாமல் கொட்டுங்கள், டெங்கிச் சோதனைக்கு ஆள் வந்தால் அபராதம் நமக்குத்தான்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். தீர்ந்தால் இதையேதான் வாங்குவேன், கலந்தே விற்கும் தெளிப்பான் போத்தல் பக்கம் போகமாட்டேன். மூடி மட்டும் மட்டம், கசிகிறது, பையில் படுக்கவைத்துக் கொண்டுவராதீர்கள்.