பதிவேடு பெரிசு, வருகைப் பதிவுதான் இல்லை: ஐ.நா. காலநிலைத் தளம் எப்படி?

ஒரு கம்பெனி 2050க்குள் நெட் ஜீரோ, அதாவது வெளியேற்றும் பசுங்குடில் வாயுவைக் குறைத்து, மிச்சத்தையும் ஈடுகட்டி நிகரமாகப் பூஜ்யமாக்குவோம் என்று பெரிய எழுத்தில் விளம்பரம் போடுகிறது. அப்படி எங்கேயாவது எழுதிக் கொடுத்திருக்கிறதா என்று பார்க்க, காசு கேட்காத பெரிய இடம் ஐ.நா. காலநிலைச் செயலகத்தின் குளோபல் கிளைமேட் ஆக்‌ஷன் தளம். 2014 டிசம்பரில் பெருவின் தலைநகர் லிமாவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் தொடங்கியபோது இதற்கு நாஸ்கா என்று பெயர். பெருவின் பாலைவனத்தில், உயரத்திலிருந்து பார்த்தால் மட்டும் முழுசாகத் தெரியும் கோட்டோவியங்களுக்கும் அதே பெயர்தான். தெரிந்தே வைத்தார்களோ என்னவோ, மேலிருந்து பார்க்க இந்தத் தளமும் பிரமாதமாகத்தான் இருக்கிறது.

நகரம், மாகாணம், கம்பெனி, முதலீட்டாளர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் தேடலாம். நாடு வாரியாகவும் பார்க்கலாம். அதில் பெரிய குறை இல்லை.

குறை இருப்பது தகவல் வந்து சேரும் வழியில். ஐ.நா. தானே போய் எதையும் அளப்பதில்லை, கம்பெனிகளிடமும் நகரங்களிடமும் சுற்றுச்சூழல் தகவல் கேட்டு வாங்கும் சிடிபி மாதிரியான வெளி அமைப்புகள் திரட்டியதை வாங்கிப் போடுகிறது. அந்த அமைப்புகளுக்கும் பெரும்பாலும் கம்பெனிகளே கேள்விப் படிவத்தை நிரப்பித் தருகின்றன. விடைத்தாளை எழுதியவரே மார்க்கும் போட்டு, பள்ளிக்கூட முத்திரையோடு அது வெளியே வந்தால் எப்படியோ அப்படி. முத்திரையைப் பார்க்கிறவர்கள் ஐ.நா.வே சரிபார்த்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள், அந்த நினைப்பு கம்பெனிகளுக்கும் வசதியாகத்தான் இருக்கிறது.

இப்படி வாக்குக் கொடுத்தவர்கள் சேர்ந்து அமைத்த கூட்டணிகளின் கதை இன்னும் மோசம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் நிதிப் பிரிவு கூட்டிய வங்கிகளின் நெட் ஜீரோ கூட்டணி 2021 ஏப்ரலில் 43 வங்கிகளோடு கிளம்பியது. 2024 டிசம்பருக்கும் அடுத்த ஜனவரிக்கும் நடுவில் அமெரிக்காவின் பெரிய வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேற, 2025 அக்டோபரில் கடையையே மூடிவிட்டார்கள். காப்பீட்டுக் கம்பெனிகளின் கூட்டணிக்கு அதற்கு முன்பே, 2024லேயே பூட்டு. சேரவும் ஓர் அறிக்கை போதும், விலகவும் ஓர் அறிக்கை போதும் என்றால் வேறென்ன நடக்கும்?

இது ஐ.நா.வுக்குத் தெரியாமல் இல்லை. கனடாவின் முன்னாள் சுற்றுச்சூழல் அமைச்சர் கேத்தரின் மெக்கென்னா தலைமையில் ஐ.நா.வே அமைத்த நிபுணர் குழு 2022 நவம்பரிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: புதிய நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் திட்டங்களில் பணம் போட்டுக்கொண்டே நெட் ஜீரோ என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, வருடாவருடம் கணக்குக் காட்ட வேண்டும், அதை வெளியாள் சரிபார்க்க வேண்டும். சரி, சொன்னார்கள். கட்டாயப்படுத்தத்தான் யாருக்கும் அதிகாரம் இல்லை.

இதே ஐ.நா. குடும்பத்தில் எனக்குப் பிடித்த ஒன்றும் இருக்கிறது, மீத்தேன் கசிவைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்டுபிடித்து அந்தந்த அரசுக்கும் கம்பெனிக்கும் தகவல் அனுப்பும் மார்ஸ் ஏற்பாடு. 2022ல் அறிவித்தார்கள். இங்கே அளப்பவர் வேறு, வாக்குக் கொடுத்தவர் வேறு. இதற்கும் பல்லில்லை என்பது உண்மைதான், முதல் இரண்டு ஆண்டுகளில் 1,200க்கும் மேல் எச்சரிக்கை அனுப்பி, பதில் வந்தது சுமார் 1 சதவீதத்துக்கு. ஆனால் அந்த மானக்கேட்டை அவர்களே அறிக்கையில் போட்டார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிசாகப் பட்டது. அடுத்த ஆண்டு அது 12 சதவீதமானது.

மார்க் போடச் சொன்னால் தளத்துக்கு 5க்கு 2, மார்ஸுக்கு மூன்றரை. தளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் இலக்கு ஆண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். தகவல் எந்த ஆண்டுடையது, எந்த அமைப்பு கொடுத்தது என்பதை முதலில் பாருங்கள், அப்புறம் அந்த மூல அமைப்பின் பக்கத்துக்கே போய், போன வருட உமிழ்வுக் கணக்கு இருக்கிறதா என்று தேடுங்கள்.