மாத்திரை வீட்டுக்கு வரட்டுமா, நாம் போகட்டுமா?

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ள பெரியவர்களுக்குத் தமிழ்நாட்டில் இரண்டு இலவச வழிகள் உண்டு: ஆரம்ப சுகாதார நிலையம், அப்புறம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம்.

இரண்டாவதில் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தருகிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புக் கவனிப்பும் கிடைக்கும். முட்டிவலியோடு பஸ் ஏறி வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு இதுதான் சரி. துணைக்குப் போக மகனோ மகளோ லீவு போடவும் வேண்டாம்.

ஆனால் தன்னார்வலர் டாக்டர் அல்ல. மருந்தை மாற்றுவது, அளவைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியவை. காலில் ஆறாத புண், பார்வை மங்கல் என்றால் மாத்திரை வரும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள், நிலையத்துக்குப் போங்கள். நெஞ்சுவலி என்றால் உடனே 108.

நடக்க முடிகிறவர்கள் நிலையத்துக்கே போகலாம் என்பேன். டாக்டரிடம் நேரில் நாலு கேள்வி கேட்கலாமே.