மூன்று கச்சான் காலம் கண்ட மடிகால்கள்

என்னிடம் இருப்பது இறக்கை 2.2 மீற்றர், எடை ஒன்பதரைக் கிலோ உள்ள, ரேடியோவால் இயக்கிப் பறக்கவிடும் ஹரிகேன் போர்விமான மாடல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனன்குடாவிலிருந்து எழும்பி எதிர்த்தவை ஹரிகேன்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு வேறொன்றைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஹரிகேன் என்றால் சில்லுக் கால்கள் எழும்பியதும் இறக்கைக்குள் உள்நோக்கி மடிய வேண்டும். கம்பிக்காலைத் தொங்கவிட்டபடி அது பறப்பதைப் பார்க்கப் பொறுக்காது. பின்சில்லு அசல் விமானத்திலும் மடியாததால் அங்கே வேலை மிச்சம்.

முதலில் பூட்டியது காற்றழுத்தத்தால் கால் மடியும் வகை. சின்னத் தாங்கிக்குள் கைப்பம்பால் 100 பிஎஸ்ஐ அழுத்தம் வரை காற்று அடித்துவிட்டுப் பறக்கவிடுவேன். இரண்டு மாதம் அருமையாக வேலை செய்தது. அப்புறம் எங்கள் வெயிலில் குழாய்கள் விறைத்து, பொருத்துகளில் காற்றுக் கசிந்தது. சவர்க்கார நுரை தடவிக் குமிழி தேடியே பல சனிக்கிழமைகள் போயின.

சரி என்று மின்மோட்டர் வகைக்கு மாறினேன். மோட்டர் திருகுத்தண்டைச் சுற்ற, கால் மடியும். கால் முடிவில் முட்டி நின்று மின்னோட்டம் ஏறியதும் கட்டுப்பாட்டுப் பெட்டி நிறுத்திவிடும். இதற்கென்று தனியாக 7.4 வோல்ட் பற்றரி வைத்திருக்கிறேன். கால் சிக்கினாலும், ரேடியோக் கட்டளையை வாங்கும் ரிசீவரின் பற்றரி வடியாது.

என்னை அதிகம் அலைக்கழித்தது இறக்கைக்குள் கால் உட்காரும் பிளைவுட் பலகைதான். கச்சான் காற்று குறுக்கே வீசிய ஒரு பின்னேரம், நிலாவெளியைத் தாண்டி நாங்கள் பறக்கவிடும் வெளியில் இறக்கினேன். இடது சில்லு ஒரு மாட்டுக் குளம்புக் குழிக்குள் போய், கால் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் காலில் நெளிவே இல்லை. நாலு ஸ்குரூவும் பிளைவுட்டை இறுகப் பிடித்தபடி இருந்தன, அந்தப் பிளைவுட்டோடு இறக்கையின் பால்சா மென்மர விலாவின் ஓரமும் நார் நாராக உரிந்து வந்திருந்தது. உவர்மலையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கால்ல பிழை இல்லைத் தம்பி. பசை பிடிச்சது மூண்டு மில்லிமீற்றர் விளிம்பில. அது என்னெண்டு தாங்கும்?" என்றார்.

கால் 17 சென்ரிமீற்றர் நீளம். கீழே சில்லு தட்டுப்பட்டால் மேலே அது நெம்புகோல் மாதிரித் தோண்டும். அதனால் 12 மில்லிமீற்றர் முதிரைச் சட்டம் இரண்டை மூன்று விலாக்களுக்குக் குறுக்கே பதித்து, மெதுவாக இறுகும் எபொக்சிப் பசையும் கண்ணாடி இழைத்துணியும் போட்டு ஒருநாள் முழுக்கக் காயவிட்டேன். ஒரு இறக்கைக்கு 110 கிராம் கூடியது. பிறகு பலகை அசையவே இல்லை. புதிதாகப் பூட்டுபவர்கள் மோட்டருக்குச் செலவழிக்குமுன் இறக்கையைத் திறந்து இந்த இடத்தைப் பாருங்கள்.

மணலும் உப்பும் அடுத்த தொல்லை. ஒருமுறை திருகுத்தண்டில் மணல் சிக்கி, வலது கால் பாதியில் நின்றுவிட்டது. பெட்டி அதையே முடிவென்று எடுத்துக்கொண்டது. ஒற்றைக் காலில் இறக்கினால் இறக்கை போய்விடும். அதனால் இடது காலையும் மடித்துப் புல்லில் வயிற்றால் இறக்கினேன். புரொப்பெல்லர் மட்டும் உடைந்தது. இப்போது பறந்து முடிந்ததும் பழைய பல்துலக்கியால் தண்டைத் துலக்குகிறேன். எண்ணெய் விடுவதில்லை, மணல் ஒட்டிக்கொள்ளும்.

காலுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் துருப்பிடித்து, இந்த வைகாசியில் இரண்டையும் மாற்றினேன். மோட்டர்கள் இன்னும் முதலில் பூட்டியவைதான்.