‘ஊழியக் காணிக்கை’ என்று ரசீது தரும் வேதாகமக் கல்லூரியில் பணம் கட்டாதீர்கள்

ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். என் தம்பியின் ஊழிய ஆசையை வைத்து எங்கள் வீட்டிலிருந்து கறந்த தொகை இது. திருப்பித் தர முடியாது என்று நேற்றுதான் அந்த வேதாகமக் கல்லூரியின் முதல்வர் கையை விரித்துவிட்டார். சேர்க்கை நடக்கும் நேரம் என்பதால், ஆறப்போடாமல் எழுதுகிறேன்.

தம்பி பி.எஸ்சி. முடித்தவன். சி.எஸ்.ஐ. சபையில் ஆயராக வேண்டும் என்பது அவன் சிறு வயது ஆசை. அதற்குச் சேரம்பூர்க் கல்லூரி வழங்கும் பி.டி. என்ற இறையியல் பட்டம் படிக்க வேண்டும், பட்டதாரிக்கே நான்கு ஆண்டுகள் ஆகும். இவர்களோ, “எங்கள் பட்டமும் அதற்குச் சமம்தான். இரண்டே ஆண்டில் முடிக்கலாம். சேரம்பூர் இணைப்பு அடுத்த ஆண்டு வந்துவிடும்” என்றார்கள்.

முதல்வர் வீட்டுக்கே வந்தார். அம்மா கொடுத்த காப்பியைத் தொடவில்லை. “முதலில் ஜெபம், அம்மா” என்றார். தம்பியை முழங்காலில் நிறுத்தி, தலையில் கை வைத்து, குரல் தழுதழுக்க ஜெபித்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் அம்மா பீரோவைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் நகை அடகுக்குப் போனது. ஆமென் சொன்ன வாயால் “அங்கீகாரக் கடிதத்தைக் காட்டுங்கள்” என்று எந்தத் தாய் கேட்பாள்? அந்தக் கூச்சத்தைத்தான் அந்த மனிதர் காசாக்கினார்.

ஓராண்டு முடிந்தது. அங்கே படித்து முடித்த மூத்த மாணவர் ஒருவரின் சான்றிதழை எங்கள் சி.எஸ்.ஐ. திருமண்டல அலுவலகம் ஏற்கவில்லை என்று கேள்விப்பட்டு நானும் போய் விசாரித்தேன். “சேரம்பூர் செனட்டின் இணைப்புப் பட்டியலில் இந்தப் பெயரே இல்லையே, தம்பி” என்றார் அங்கிருந்தவர்.

கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மிஷனரிகள் மூவரும், அப்போது டென்மார்க்கின் வசமிருந்த வங்காளச் சேரம்பூரில் 1818இல் தொடங்கிய கல்லூரி அது. 1827இல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனமும் 1918இல் வந்த சட்டமும் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமையைத் தந்திருக்கின்றன. மற்ற இறையியல் கல்லூரிகளை இணைத்துக்கொண்டு பட்டம் தருவது அதன் செனட். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலும் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியிலும் பி.டி. படிப்பவர்கள் வாங்குவது சேரம்பூர்ப் பட்டம்தான். அந்தப் பெயரைத் தங்கள் விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் அச்சடிக்க இவர்களுக்கு என்ன துணிச்சல்!

பணத்தைக் கேட்கப் போனால், “ஐயா கன்வென்ஷனுக்குப் போயிருக்கிறார்.” அடுத்து, “டிரஸ்ட் கூட்டத்தில் வைக்கிறோம்.” அதற்கும் அடுத்து, விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குக்குப் போகக்கூடாது என்று ஒன்று கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தைக் காட்டி ஒரு குறுஞ்செய்தி. சகோதரனுக்கே நஷ்டம் உண்டாக்குகிறவர்களைப் பவுல் கடிந்துகொள்வதும் அதே அதிகாரத்தில்தான், எட்டாம் வசனத்தில். அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

நேற்று ரசீதை மேசைமேல் வைத்தேன். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் ஒரே ரசீது. டிரஸ்டின் பெயர், தம்பியின் பெயர், தொகை, அதன் கீழே நீல மையில் ‘ஊழியக் காணிக்கை’. கட்டணம் என்ற சொல்லும் இல்லை, படிப்பின் பெயரும் இல்லை. “காணிக்கையைத் திருப்பிக் கேட்பது முறையா, பிரதர்?” என்றார்.

இறையியல் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுத நினைத்தேன். இப்போது மனம் ஓடவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். எந்தச் சபையில் ஊழியம் செய்யப் போகிறீர்களோ அந்தச் சபை எந்தப் பட்டத்தை ஏற்கிறது என்று முதலில் கேளுங்கள். செனட்டின் பட்டியலில் கல்லூரியின் பெயரை நீங்களே தேடுங்கள். ஆசிய இறையியல் கழகம் என்ற இன்னொரு அமைப்பின் அங்கீகாரம் வேறு, சேரம்பூர் இணைப்பு வேறு. முன்னதைப் பல சுயாதீன சபைகள் ஏற்கலாம், உங்கள் திருமண்டலமும் ஏற்குமா என்று தனியாகக் கேளுங்கள். ‘இணைப்பு வரப்போகிறது’ என்றால் வந்த பிறகு சேருங்கள். ரசீதில் படிப்பின் பெயரும் ‘கட்டணம்’ என்ற சொல்லும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தென்மாவட்டங்களில் இப்படிக் காணிக்கை ரசீது வாங்கிய வேறு பெற்றோர் இருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போகிறோம், சேர்ந்து கொடுப்போம்.