பாஷ் ஜிஎல்எம் 40: தனியாளாகப் போய்ச் சதுரடி அளக்க

கோவையில் வீட்டு இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறேன். டைல்ஸ், பெயின்ட், ஃபால்ஸ் சீலிங், கிச்சன் என்று எதுவானாலும் முதல் வேலை அளவெடுப்பதுதான். முன்பெல்லாம் டேப்பின் அந்த முனையைப் பிடிக்க ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஹால் நீளமாக இருந்தால் டேப் நடுவில் தொய்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். பாஷ் ஜிஎல்எம் 40 லேசர் மீட்டர் கைக்கு வந்த பிறகு தனியாகவே போய் வருகிறேன்.

கைப்பையின் சின்ன அறைக்குள் அடங்கிவிடும் கருவி. இரண்டு ஏஏஏ பேட்டரி போதும். 40 மீட்டர் வரை அளக்கும், 1.5 மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் என்கிறது கம்பெனி. வீட்டு வேலைக்கு அதற்கு மேல் துல்லியம் தேவையே இல்லை. கடைசியாக எடுத்த 10 அளவுகள் உள்ளேயே பதிந்திருக்கும் என்பதால், அளந்துகொண்டே எழுத வேண்டிய அவசரம் கிடையாது. பரப்பளவுக்கான பட்டனை அழுத்தி, நீளத்தை ஒரு முறை, அகலத்தை ஒரு முறை அளந்தால் பரப்பு திரையில் வந்துவிடும். அளவை நான் மீட்டர் கணக்கிலேயே வைத்திருக்கிறேன். சதுர மீட்டரை 10.764 ஆல் பெருக்கினால் சதுரடி. எல் வடிவ ஹாலை மனதுக்குள் இரண்டு செவ்வகமாகப் பிரித்துத் தனித்தனியாக அளந்து கூட்டிக்கொள்வேன்.

பிடிக்கிற விதத்தில் கவனம் வேண்டும். கருவியின் பின்பக்கம் சுவரோடு ஒட்டி இருக்கணும், சுவரின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் மேல் வைக்கக் கூடாது. கை 5 டிகிரி சாய்ந்தாலே 4 மீட்டர் அறையில் 15 மில்லிமீட்டர் கூடிவிடும். அதனால் தொடர்ந்து அளக்கும் முறையில் வைத்து, சிவப்புப் புள்ளியை எதிர்ச்சுவரில் மெதுவாக நகர்த்திப் பார்த்து, வருவதில் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்கிறேன். எதிரே கண்ணாடிக் கதவோ அலமாரிக் கண்ணாடியோ இருந்தால் வருகிற எண்ணை நம்ப முடியாது. ஓர் அட்டையை அதன் மேல் சாய்த்து வைத்து அளக்கலாம். மதிய வெயிலில் பால்கனியில் புள்ளியே கண்ணுக்குத் தெரியாது. அங்கே டேப்தான்.

சரி, கருவி நீளத்தைச் சரியாகச் சொல்லிவிடும். எந்தச் சுவரிலிருந்து எந்தச் சுவர் வரை அளக்க வேண்டும் என்பதை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சதுரடிக் குழப்பம் அத்தனையும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பெரியவர் வீடு. வாங்கும்போது 1,100 சதுரடி என்று சொல்லியிருக்கிறார்கள். அறைகள், கிச்சன், பாத்ரூம், நடை எல்லாவற்றையும் அளந்து கூட்டினால் 742 வந்தது. "ஏம்மா, ஆயிரத்து நூறுன்னு சொன்னாங்களே, மீதியெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார். "இருங்கய்யா, ஒண்ணொண்ணா எழுதித் தர்றேன்" என்று உட்கார்ந்தேன். உள்சுவர்கள் மொத்தம் 52 அடி நீளம். 4½ அங்குலச் சுவர், இரண்டு பக்கப் பூச்சும் சேர்த்து ஏறக்குறைய 5½ அங்குலம். அது ஒரு 24 சதுரடி. வீடு, மனை விற்பனையை முறைப்படுத்தும் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் கார்ப்பெட் ஏரியா என்று சொல்வதில் இந்த உள்சுவர்களும் சேரும். வெளிச்சுவர், பைப் போகிற டக்ட், பால்கனி, திறந்த மொட்டைமாடி சேராது. ஆக அவர் வீட்டின் கார்ப்பெட் ஏரியா 766. பால்கனி 44, வெளிச்சுவர் 70 சேர்த்தால் பில்டப் ஏரியா 880. அதற்கு மேல் லிஃப்ட், படிக்கட்டு, வராண்டா என்று பொதுவில் 25 சதவீதம் ஏற்றினால் அவர்கள் சொன்ன 1,100. காகிதத்தை வாங்கி மடித்துப் பத்திரத்தோடு வைத்துக்கொண்டார். வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கை அவருக்கு யாராவது போட்டுக் காட்டியிருக்கணும் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

டைல்ஸ் வாங்க இந்த 766 உதவாது, அறைக்குள் அளந்த 742தான் கணக்கு. வெட்டுக் கழிவுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். எதற்காக அளக்கிறோமோ அதைப் பொறுத்து எண் மாறும்.

பிளானில் 10க்கு 12 அடி என்று போட்ட அறை, லேசரில் 3.02க்கு 3.63 மீட்டர்தான் காட்டும். பயப்பட வேண்டாம். பிளானில் பெரும்பாலும் பூசாத சுவருக்குத்தான் அளவு போட்டிருப்பார்கள். பக்கத்துக்கு 12 மில்லிமீட்டர் பூச்சு வந்தாலே நீளத்திலும் அகலத்திலும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். 120 சதுரடி அறை 118 ஆவது அப்படித்தான்.

அப்புறம், மீட்டரில் அளப்பதில் எனக்குப் பெரிய நிம்மதி ஒன்று உண்டு. 10 அடி 6 அங்குலத்தை நம் ஊரில் பலரும் 10.6 என்றே எழுதுகிறார்கள். அப்படியே கால்குலேட்டரில் போட்டால் தப்பு, அது 10.5 அடி. 10 அடி 6 அங்குலம், 12 அடி 3 அங்குலம் உள்ள அறை 128.6 சதுரடி. 10.6, 12.3 என்று பெருக்கினால் 130.4 வந்து நிற்கும். ஓர் அறைக்கே இவ்வளவு என்றால் வீடு முழுக்க எவ்வளவு ஏறும்!

குறை என்று பார்த்தால், 15 சென்டிமீட்டருக்குக் கீழே இது அளக்காது. மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் தூண், ஜன்னல் திட்டு இதற்கெல்லாம் ஸ்டீல் டேப் பையில் இருந்தே ஆகணும். மரவேலை முடிந்த வீட்டில் அலமாரி மறைப்பதால், லாஃப்டுக்கு மேலே ஏணி போட்டுத்தான் சுவருக்குச் சுவர் அளக்க முடிகிறது.

தொழிலாகச் செய்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஒரே ஒரு வீடு பார்ப்பவர்கள் தெரிந்த இன்ஜினியரிடம் ஒரு நாள் இரவல் கேட்டாலே போதும். வாங்குவதானால் கடையிலேயே ஒரு சுவரை ஸ்டீல் டேப்பாலும் இதாலும் அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.